திரைக்கு இந்தப் பக்கம்

— தீவாளிக்கு வரும்னீங்க, வரல. பொங்கலுக்கு வரும்னீங்க, பொங்கலும் போயிடுச்சி. இன்னிக்கி எனக்கு ஒரு பதில் வேணும் மொதலாளி. அந்தப் படம் பாகூருக்கு வருமா, வராதா?

— எல்லம்மா, மொதல்ல அந்த மீன் கூடைய கொட்டாய்க்கு வெளியில வெய்யி. சாயங்கால ஆட்டத்துக்கு வர்ற சனம் மூக்கப் புடிச்சிக்கினு ஒக்காரணும்.

— கூடை கெடக்கட்டும். உங்க கொட்டாய்ல ஓடற படத்துக்கு மீன் நாத்தம் எவ்ளவோ மேலு. கடலூர்ல போன வருசம் ஓடி ஓஞ்சத, இன்னிக்கி புதுப்படம்னு தண்டோரா போடறீங்க. கதை தெரியும், பாட்டு தெரியும், யாரு எப்ப சாவாங்கன்னு தெரியும். செத்தவங்களுக்குப் பதினாறாம் நாளு சோறு துன்ன வர்ற மாதிரி வந்து ஒக்கார்றோம்.

— விசயம் இன்னான்னா, நான் இன்னா பண்ணுவேன்? செல்லக்கண்ணு டூரிங் டாக்கீஸ்னு போர்டு மட்டும்தான் எனது. படம் மெட்ராஸ் கம்பெனிக்காரனுது. அவனுக்கு நாம வெளிநாடும்மா. அந்தப் பக்கம் வெள்ளக்காரன் கப்பலேறி ஏழு வருசம் ஆவப்போவுது. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் இன்னும் நாற்காலிய வுட்டு எழுந்திரிக்கல. அதனால நீயும் நானும் அசலூரு இல்ல, அசல் நாடு. சிலோன், சிங்கப்பூர், பாகூர். மூணையும் ஒரே மூட்டையில கட்டி வெச்சிருக்கான்.

— சிங்கப்பூர்லயே அந்தப் படம் ஓடிடுச்சாம். எங்க குப்பத்து இன்னாசிமுத்து அங்க மூட்டை தூக்கறாரு. பாத்துட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு.

— ஓடியிருக்கும்.

— கப்பல்ல போற ஊருக்குப் போயி சேந்துடுச்சி. இங்கேர்ந்து நாலு வயலத் தாண்டினா அந்த நாடு. அங்கேர்ந்து இங்க வர அதுக்குக் காலு இல்ல.

— காலு இருக்கு, எல்லைச் சாவடி வுடணுமே. படப் பொட்டி வரணும்னா அந்தப் பக்கத்து சாவடியில ஒரு சீல், நம்ம பக்கத்துல ஒரு சீல். அப்புறம் புதுச்சேரியில பெரிய முசே, அந்தப் பிரெஞ்சு தொரை, படத்தப் பாத்து, ஆட்சிக்கு விரோதமா ஒண்ணுமில்லன்னு தலையாட்டணும். அவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டுக்கெல்லாம் தூங்கிடுவாரு. முழிச்சிக்கினா மறுபடியும் மொதல்லேர்ந்து.

— சிரிக்கிற நெலமையில நான் இல்ல மொதலாளி.

— தெரியும்மா. தெரியாம பேசல. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அது இங்க வந்து சேர்றப்போ, நீ பாக்க நெனைக்கிற கடல் சீன் அதுல இருக்காது.

— ஏன் இருக்காது?

— அது நாலு நாட்டு மிசின்ல மாட்டி, அறுந்து, வெட்டி, ஒட்டி வரும். மொதல்ல போறது அந்த மாதிரி சீனுதான். சண்டைய வெட்டினா சனம் பெஞ்ச ஒடைக்கும். கடல வெட்டினா எவனும் கேக்க மாட்டான்.

— நான் கேப்பேன்.

— நீ கேப்ப. அதோ, உன் கொழுந்தன் வர்றான். அவன்தான் அந்தப் பக்கம் போயி பாத்துட்டு வந்தவன் ஆச்சே, அவனயே கேளேன். வா ராயா. கூடையத் தாண்டி வா.

— கும்பிடறேன் மொதலாளி. அண்ணி, இங்கயா இருக்க? வூடு வூடாத் தேடிட்டு வரேன். மறுபடியும் படத்துப் பேச்சா?

— மறுபடியும் இல்ல ராயா. அதே பேச்சுதான், இன்னும் முடியல.

— நான்தான் சொல்லிட்டேனே அண்ணி. என் ரெண்டு கண்ணால பாத்தேன். அதுல அண்ணன் இல்ல.

— முதுகு மட்டும்தான் தெரியும்னு உங்க அண்ணனே சொன்னாரு. அந்தக் கதாநாயகனுக்குக் கடலப் பாத்தாலே வாந்தி வருதாம். உங்க அண்ணனுக்கு அவரு சட்டைய மாட்டி, நம்ம கட்டுமரத்துல ஒக்கார வெச்சி, பின்னாலயே இன்னொரு படகுல வந்து படம் புடிச்சாங்களாம். தேவனாம்பட்டினத்துல அலைய ஏறிக் கரைக்கு வர்ற மாதிரி. எல்லாம் எங்கிட்ட சொல்லியிருக்காரு.

— முதுகத்தான் பாத்தேன். முதுகு யாருக்கும் இருக்கும். கை இருக்குதே. அண்ணன் பொறந்ததுலேர்ந்து பீச்சாங்கைக்காரன். துடுப்பு பீச்சாங்கைப் பக்கம், தூண்டி பீச்சாங்கை, அடிச்சாக் கூட பீச்சாங்கைதான், நான் வாங்கியிருக்கேன். படத்துல வர்றவன் துடுப்ப சோத்தாங்கைப் பக்கம் போட்டு வலிக்கிறான். அலை வாய்க்கு வந்ததும் கடல் தண்ணியத் தொட்டு நெத்தியில வெக்கிறான். அதுவும் சோத்தாங்கையால.

— விசயம் இன்னான்னா, சுப்புராயன் கடலம்மாவப் பீச்சாங்கையால கும்பிடறான்னு உங்க பனித்திட்டு குப்பம் முழுக்க ஏசும். எனக்கே தெரியும்.

— ஏசின வாயெல்லாம் போன ஐப்பசியில இன்னா சொல்லுச்சின்னு தெரியுமா மொதலாளி? பீச்சாங்கையால கும்பிட்டவன கடல் வெச்சிக்குமான்னு சொல்லுச்சி. மரம் மட்டும் தனியாக் கரை ஒதுங்கிக் கெடக்குது. நான் அத்தக் கட்டிப் புடிச்சிக்கினு கெடக்கறேன். என் காது படப் பேசினாங்க.

— அண்ணி, அத்த இப்ப ஏன்.

— இப்பதான் பேசணும். அவரு ஒடம்பு கெடைக்கல. போட்டா ஒண்ணு கெடையாது. என் கண்ணுல இருக்கிற முகம் தெனம் ஒரு பக்கம் கரையுது, கேட்டுக்கினியா? முதுகாவது பாத்துக்கறேன்னுதான் கேக்கறேன். அதுக்கு இந்தக் குப்பத்து சனம் இன்னொண்ணு சொல்லுது. படமாவது மண்ணாவது, தேவனாம்பட்டினத்துல வேற வூடு வெச்சிருந்தான், அங்கதான் போயிப் போயி தங்கினான்னு.

— நான் அப்படிச் சொல்லல அண்ணி.

— நீ சொல்லல. சொன்னவங்க வாய அடைக்கவும் இல்ல.

— இன்னான்னு அடைப்பேன்? கரை கூட தேவனாம்பட்டினம் இல்ல அண்ணி. அங்க கடல்லேர்ந்து கரையப் பாத்தா சாஞ்ச பனை ஒண்ணு வடக்கால, நம்ம சோத்தாங்கைப் பக்கம் இருக்கும். நேத்து வலை விக்கப் போனப்பக் கூட பாத்தேன். படத்துல பனை பீச்சாங்கைப் பக்கம் நிக்குது. அதே மாதிரி சாஞ்ச பனைதான், ஆனா வேற ஊரு. கையும் வேற, கரையும் வேற. நான் பொய் சொல்லட்டுமா உனக்கு?

— வேணாம். என் கண்ணால பாத்துட்டு, இல்லன்னா இல்லன்னு நானே சொல்லிக்கறேன். ஒருத்தர் சொல்லி நான் நம்பறதா இல்ல.

— அப்ப நீயே சாவடியத் தாண்டிப் போயி பாத்துட்டு வந்துடேன் எல்லம்மா.

— நீங்க வேற மொதலாளி. அண்ணியோட பாஸ்தான் கிழிச்சிப் போட்டுட்டாங்களே. மத்தி மீனுக்கு அடியில சீமை பிளேடு பாக்கெட்டு. சாவடிக்காரன் கூடையக் கவுத்தான், மீன விட பிளேடு அதிகமா விழுந்துச்சி.

— எல்லாரும்தான் வெச்சிக்கினு போனாங்க. என் கூடையில மட்டும் பிளேடு மேல மெதந்துடுச்சி. இனிமே அந்தப் பக்கம் காலு வெச்சா உள்ள தள்ளிடுவேன்னு அந்த மீசைக்காரன் என் முகத்த நல்லாப் பாத்து வெச்சிருக்கான்.

— அப்ப ஒரு வழியும் இல்ல. அந்தப் பொட்டி இந்த வாரத்தோட மெட்ராசுக்குத் திரும்புது. என் மச்சான் பக்கிரிதான் அந்தப் பக்கத்துல ஓட்டறான். காத்துல அவன் கொட்டாய்க் கூரை பிச்சிக்கினு போயிடுச்சி. நாளன்னிக்கி மாரியம்மன் திருவிழா, அதுக்கு வெட்டவெளியில ஒரு ஆட்டம் போட்டுட்டு மூட்டையக் கட்டறான்.

— வெட்டவெளின்னா எங்க?

— சாவடிக்கு வடக்கால நாகராஜன் வயல். அறுப்பு முடிஞ்சி காஞ்சி கெடக்குது.

— நாகராஜன் வயலா? அதுக்கு இந்தப் பக்கத்து வயல் நம்ம அமிர்தம்மாளுது ஆச்சே. அந்த வரப்புதானே எல்லை?

— வரப்பு மேல ஓணான் ஒக்காந்தா, தலை ஒரு நாட்டுல, வாலு ஒரு நாட்டுல.

— திரைய எங்க கட்டுவாரு உங்க மச்சான்?

— கோயிலப் பாத்தாப்ல கட்டுவான். அம்மனும் பாக்கணும்ல.

— அந்த வரப்பு மேல கட்டினா?

— வரப்பு மேலயா? கட்டினா முன்பக்கம் அவங்களுக்கு. பின்பக்கம்தான் நமக்கு.

— பின்பக்கம் இன்னா சுவரா? துணிதானே மொதலாளி.

— துணிதான். ஆனா பின்னால கறுப்புத் துணி வெச்சித் தச்சிருக்கும்.

— அத்த அவுத்துடச் சொல்லுங்க.

— அவுத்தாலும் அவ்ளோ தெளிவா விழாது. மங்கலா... இரு. இரு இரு. எங்க அப்பா காலத்துல சந்தையில படம் காட்டறப்போ துணியில தண்ணி அடிப்பாரு. துணி நனைஞ்சிருந்தா வெளிச்சம் நிக்காது, ஊடுருவிக்கினு போயிடும். முன்னாலயும் ஆளு, பின்னாலயும் ஆளு ஒக்காரும்.

— அப்புறம் இன்னா? தண்ணி சுமக்க எனக்குத் தெரியாதா?

— அண்ணி, சாவடிக்காரன் சும்மா இருப்பானா?

— படப் பொட்டி அந்தப் பக்கம் ராயா. மிசின் அந்தப் பக்கம். துணி வரப்பு மேல. நம்ம நாட்டுக்குள்ள வர்றது இன்னா? வெளிச்சம். வெளிச்சத்துக்கு எந்தச் சட்டத்துல சீல் இருக்குது? விசயம் இன்னான்னா, இத்தன வருசமா எனக்கு ஏன் இது தோணல?

— உங்க மச்சான் ஒத்துக்குவாரா? அவருக்கும் உங்களுக்கும்தான் பேச்சு வார்த்தையே இல்லன்னு சொல்வாங்க.

— எனக்கும் அவனுக்கும் இல்ல. என் தங்கச்சி ஜெயாவுக்கும் அவனுக்கும் இருக்குதே. அவ ஒரு வார்த்தை சொன்னா, பக்கிரி அந்த மிசினத் தலையில வெச்சிக்கினு ஆடுவான். ராயா, உன் கிட்ட பாஸ் இருக்கு. இப்பவே கெளம்பு. என் தங்கச்சி கிட்ட சுப்புராயன் பொண்டாட்டி சமாச்சாரத்தச் சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்.

— போறேன் மொதலாளி. ஆனா அண்ணி, பாத்துட்டு அழப்போற. சொல்லிட்டேன்.

— நான் அழுது முடிச்சவ ராயா. நீ போ.

*

— இன்னும் ரெண்டு குடம் ஊத்து எல்லம்மா. மேல் ஓரம் காஞ்சிடுச்சி பாரு. ராஜாவுக்குக் கிரீடமே தெரியல.

— ஊத்தறேன். ராயா, அந்தக் குடத்தத் தூக்கிக் குடு. எவ்ளோ சனம் வந்திருக்கு பாத்தியா? நம்ம குப்பம் முழுக்க வந்திருக்கு, கிருமாம்பாக்கத்துலேர்ந்து வந்திருக்காங்க. வேற வூடு வெச்சிருந்தார்னு சொன்னவளும் பாயோட வந்திருக்கா.

— வரட்டும் அண்ணி. ஆனா ஆரம்பத்துலேர்ந்து ஒரே மொனகல். எழுத்தெல்லாம் மாறி மாறி விழுந்துச்சாம், படிக்க முடியலியாம்.

— நேரா விழுந்திருந்தா மட்டும் படிச்சிக் கிழிச்சிருப்பாங்களா?

— அது மட்டும் இல்ல. கதாநாயகிக்கு முந்தானை வலது தோள்ல கெடக்குதே, இது எந்த ஊர் வழக்கம்னு ஒருத்தி கேக்கறா. அரமனை விருந்துல அத்தன பேரும் பீச்சாங்கையால சாப்புடறாங்க. அந்தப் பக்கத்துல ராசா வூட்டுலயே இப்படித்தான்னா நாம இந்தியாவோட சேந்துதான் ஆவணுமான்னு இவங்க கேக்கறாங்க.

— டேய், அது பின்பக்கத்துலேர்ந்து பாக்கறதால. கண்ணாடியில தெரியற மாதிரி எல்லாம் எடம் வலம் மாறித் தெரியும்னு சொல்லு. சும்மா ஒக்காந்து பாக்கச் சொல்லு. டிக்கெட்டு இல்லாத படத்துக்குக் கொறை பேசாதீங்கன்னு சொல்லு.

— சொல்லிட்டேன் மொதலாளி. டிக்கெட்டு வாங்கினாதான் நேராத் தெரியுமான்னு கேக்கறாங்க. ஐயோ, அண்ணி, தலைய மூடிக்கோ. மீசைக்காரரு டார்ச் லைட்டோட வரப்பு மேலயே வர்றாரு.

— நான் ஏன் மூடணும்? நான் என் நாட்டுல நிக்கறேன்.

— நீங்க ரெண்டு பேரும் பேசாதீங்க, நான் பேசிக்கறேன். வாங்க ஐயா, வணக்கம். பாத்து, வரப்பு ஈரமா இருக்கு, வழுக்கி எங்க நாட்டுல விழுந்துடப் போறீங்க. ஆமாங்க, படந்தான். பொட்டி உங்க பக்கம் ஐயா, நீங்களே போயி தொட்டுப் பாத்துக்கலாம். மிசின் உங்க பக்கம். ஆபரேட்டர் உங்க பக்கம், என் தங்கச்சி புருசன். இந்தப் பக்கம் வந்தது வெளிச்சம் மட்டும்தான். அதுவும் திரும்பிப் போயிடும். எழுதிக்கணும்னா எழுதிக்குங்க. ஆமாங்க. கேட்டுட்டே வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல.

— இன்னா மொதலாளி சொல்றாரு?

— மேலதிகாரியக் கேட்டுட்டு வர்றேங்கறாரு.

— போறாரா?

— இல்ல. வரப்பு மேலயே நின்னு பாக்கறாரு. ஒரு கண்ணு படத்து மேல, ஒரு கண்ணு எல்லம்மா மேல.

— பாத்துக்கட்டும். இந்தத் தடவ கூடையில மீனு மட்டும்தான்.

— ஒக்காரு அண்ணி. அரமனை தீப்புடிச்சிடுச்சி. இதுக்கு அப்புறம்தான் கடலு.

— தண்ணி காயலியே?

— காயல. ஒக்காரு.

— வெளிச்சம் நல்லா வருதா மொதலாளி?

— நல்லா வருதும்மா. கடலு வந்துடுச்சி, பாரு.

— முன்னால நிக்கறவங்க ஒக்காருங்க.

— அண்ணி, நல்லாத் தெரியுதா?

— பேசாத ராயா.

— அதோ மரம். அதோ அந்த ஆளு. பாத்தியா, முதுகு மட்டும்தான்.

— ராயா.

— சொல்லு.

— அந்தச் சாஞ்ச பனை எந்தப் பக்கம் இருக்கு?

— சோத்தாங்கைப் பக்கம்.

— நீ அன்னிக்கி பீச்சாங்கைப் பக்கம்னு சொன்ன.

— அன்னிக்கி அப்படித்தான் இருந்துச்சி அண்ணி. சத்தியமா சொல்றேன், அங்க முன்பக்கம் ஒக்காந்து பாத்தப்போ பீச்சாங்கைப் பக்கம்தான்.

— துடுப்பப் பாரு.

— பீச்சாங்கைப் பக்கம் போடறாரு.

— இப்ப அலை வாயி. இப்பப் பாரு, இப்பப் பாரு, குனியறாரு.

— தண்ணியத் தொட்டாரு. அண்ணி, பீச்சாங்கை. பீச்சாங்கையால நெத்தியில வெச்சாரு. அது எங்க அண்ணன். அது எங்க அண்ணன்தான்யா, எல்லாரும் பாருங்க.

— ராயா, கத்தாத, ஒக்காரு. எல்லம்மா, நீயும் மனச தளரவிடாம கேளு. விசயம் இன்னான்னா, இங்க ஆரம்பத்துலேர்ந்தே எல்லாம் மாறித்தானே தெரியுது? அந்த ராசாவும்தான் பீச்சாங்கையால சாப்ட்டாரு. அதனால அவரு பீச்சாங்கைக்காரர் ஆயிடுவாரா? இங்க பீச்சாங்கையாத் தெரியறவன், நெசத்துல சோத்தாங்கைக்காரன்னுதானே ஆவுது? ராயன் மொதல்ல பாத்ததுதான் சரியா இருக்கும்மா. மன்னிச்சிக்கோ.

— எல்லாம் மாறித் தெரியுதா?

— எல்லாம்தான்.

— அப்ப அந்தப் பனை?

— பனைக்கு இன்னா?

— மொதலாளி, நெசமான தேவனாம்பட்டினத்துல அது எந்தப் பக்கம் நிக்குது? ராயா, நீயே சொல்லு. வலை விக்கப் போறப்பல்லாம் பாக்கற.

— வடக்கால. கரையப் பாத்தா சோத்தாங்கைப் பக்கம்.

— இங்கயும் சோத்தாங்கைப் பக்கம்தான் நின்னுச்சி. முந்தானை மாறிடுச்சி, சாப்பாடு மாறிடுச்சி, எழுத்து மாறிடுச்சி. பனை மட்டும் ஏன் மாறல? அது நெசத்துல இருக்கற எடத்துலயே நிக்குதே. இவ்ளோ நேரம் எல்லாம் கோணலா ஓடி, இந்தக் கடலு மட்டும் நேரா ஓடுதே, ஏன் மொதலாளி?

— இரு. பனை அங்க முன்பக்கத்துல மாறித் தெரியுது. இங்க பின்பக்கத்துல நேராத் தெரியுது. அப்படின்னா... அப்படின்னா படத்துலயே அந்தத் துண்டு மாறித்தான் இருக்கு.

— எப்படி மாறும்?

— அவனுங்க மாத்தினாதான் மாறும். கதாநாயகன் சோத்தாங்கையால துடுப்பு போடற ஆளு. கிட்ட வர்ற காட்சியெல்லாம் ஸ்டுடியோ தொட்டியில எடுத்திருப்பான், அதுல சோத்தாங்கை. உன் புருசன் பீச்சாங்கை. ரெண்டும் ஒட்டாது. பிலிமத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்தா கை மாறிடும், ஒட்டிக்கும். கூடவே பனையும் மாறும், அத்த எவன் பாக்கப் போறான்னு வுட்டுட்டான். ஆண்டவனே. எல்லம்மா, அது சுப்புராயன்தான். பீச்சாங்கைக்காரன வுட்டுட்டு வேற எவன வெச்சி எடுத்திருந்தாலும் இத்தத் திருப்ப வேண்டிய வேலையே இல்ல.

— கேட்டுக்கினியா ராயா?

— கேட்டேன் அண்ணி. நான் பாவி. என் அண்ணன் முதுகப் பாத்து, இவன் வேற ஆளுன்னு சொல்லிட்டு வந்தேன்.

— நீ பொய் சொல்லல. ஒக்கார வேண்டிய பக்கம் ஒக்காரல, அவ்ளோதான். கண்ணத் தொடச்சிக்கோ, நான் அழுவேன்னு சொல்லிட்டு நீ அழுவற. மரம் எங்க வந்துச்சின்னு பாரு.

— கடைசி அலை அண்ணி. பெரிய அலை.

— ஏறுங்க. ஏறுங்க, மரத்த வுடாதீங்க. அப்படித்தான்.

— ஏறிட்டாரு. மணல்ல தட்டிடுச்சி. எறங்கி நடக்கறாரு அண்ணி.

— கரை ஏறிட்டாரு.

— ஏறிட்டாரும்மா.

— பீச்சாங்கையாலதான் கும்பிட்டாரு. கடலம்மா கரையில கொண்டாந்து எறக்கி வுட்டுச்சி. எல்லாரும் பாத்தீங்க இல்ல? அங்க பாய் போட்டு ஒக்காந்திருக்கவங்களும் பாத்தீங்க இல்ல? இனிமே என் காது பட எவளும் பேசக்கூடாது.

— எவளும் பேச மாட்டா அண்ணி. அவளே முந்தானையால வாய மூடிக்கினு அழுவறா.

— ரீல் முடிஞ்சிடுச்சி. வெளக்கு போட்டுட்டான்.

— மொதலாளி, உங்க மச்சான இந்த ரீல இன்னொரு தரம் ஓட்டச் சொல்லுங்க. இன்னொரு தரம் கரை ஏறட்டும்.

— கேட்டுட்டாப் போச்சி. பக்கிரி. யோவ் பக்கிரி, காது கேக்குதா? அடுத்த ரீல மாட்டாத. இத்தயே திருப்பிச் சுத்து. கடலத் திரும்பப் போடு. ஏனா? சுப்புராயன்யா. கதாநாயகன் இல்ல, பனித்திட்டு சுப்புராயன். பீச்சாங்கைக்காரனத் திருப்பி வெச்சி ஊர ஏமாத்தியிருக்கான் உங்க மெட்ராஸ்காரன். ஆமாய்யா, ஜெயா கிட்ட நான் சொல்லிக்கறேன், நீ சுத்து.

— இன்னா மொதலாளி அந்தப் பக்கம் ஒரே கூச்சல்? ரீல் திருப்பறதுக்குக் கோவமா?

— கோவம் இல்ல. தேவனாம்பட்டினத்து ஆளுங்க நாலு பேரு கூட்டத்துல இருந்திருக்காங்க. நாங்க அப்பவே சொன்னோம், எங்க கரைதான், பனைதான் எடம் மாறி நிக்குதுன்னு அவங்க கத்தறாங்க. சுப்புராயன் மரத்தத் தள்ளி வுட்டதே நான்தான்னு ஒருத்தன் நெஞ்சத் தட்டறான்.

— நெசமாவா? அங்க அவரப் பாத்த ஆளு இருக்காங்களா?

— இருக்காங்கம்மா. சூசைநாதனாம் அவன் பேரு. படம் புடிச்ச மூணு நாளும் எங்க வூட்டுத் தாழ்வாரத்துலதான் படுத்தாரு, பொண்டாட்டி கையால துன்ன மாதிரி இல்லன்னு எங்க கொழம்பத் திட்டிக்கினே துன்னாருங்கறான்.

— திட்டுவாரு. ஊர்ல இருந்தா என் கொழம்பத் திட்டுவாரு.

— அண்ணி. அண்ணி, அங்க பாரு. அந்தப் பக்கத்து சனமெல்லாம் எழுந்துக்கிச்சி.

— படம் வேணாமா அவங்களுக்கு?

— வேணுமாம். நேராப் பாக்கணுமாம். சூசைநாதன் முன்னால வர்றான், அவன் பின்னால அத்தன பேரும் பாயச் சுருட்டிக்கினு வரப்பத் தாண்டறாங்க. பொம்பளைங்க, கெழவங்க, திருவிழாவுக்கு மோளம் அடிச்சவங்க கூட. ஒருத்தர் கிட்டயும் பாஸ் இல்ல.

— மீசைக்காரரு இன்னா பண்றாரு?

— டார்ச் லைட்ட அணைச்சிட்டாரு அண்ணி. தொப்பியக் கழட்டி அக்குள்ல வெச்சிக்கினாரு. இப்ப அவரே தாண்டி வர்றாரு. உன்னப் பாத்துதான் வர்றாரு.

— புடிக்கவா?

— இல்ல. பக்கத்துல எடம் இருக்கான்னு கேக்கறாரு.

— எல்லம்மா, இன்னா சொல்லட்டும் அவருக்கு? உன் நாடு, நீதான் சொல்லணும்.

— குடத்த நகத்தி வெய்யி ராயா. துணி மேல இன்னும் கொஞ்சம் தண்ணி தெளி. நம்ம சனத்த நெருக்கி ஒக்காரச் சொல்லுங்க மொதலாளி, எல்லாருக்கும் எடம் வுடுங்க. பாவம், அவங்களுக்குத்தான் இந்தப் படம் இவ்ளோ லேட்டா வருது.